சுவருக்கு அப்பால் ஒரு கிழவர்

ஒரு கூடத்தின் நடுவே சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. அடியில் நெருப்பில்லை, அருகில் நீரோட்டமில்லை, மாடோ குதிரையோ பூட்டப்படவில்லை. சுற்றி நிற்பவர்கள் வியந்து பார்க்கிறார்கள். அவர்களில் கற்றவரும் உண்டு, செல்வரும் உண்டு. 'எங்கிருந்து வருகிறது இந்த ஆற்றல்?' என்று ஒருவர் கேட்கிறார். 'அதுதான் இரகசியம்' என்கிறார் உரிமையாளர்.

கடந்த முந்நூறு ஆண்டுகளில் இந்தக் காட்சி எத்தனையோ நகரங்களில் அரங்கேறியிருக்கிறது. பொறியின் பெயர் மாறும், விளக்கம் மாறும், காட்சி மட்டும் மாறுவதில்லை. இக்கட்டுரையில் நாம் மூன்று பொறிகளைக் காணவிருக்கிறோம். முதலாவது ஜெர்மானிய நாட்டின் காசல் நகரில் சுழன்றது. மற்ற இரண்டும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தோன்றியவை. அவற்றை ஆராய்ந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கத் தவறினார்கள் என்பதே நம் கேள்வி.

தமிழ் படித்தவருக்கு இயந்திரங்களிடம் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு செப்பேடு தன்னை இன்ன மன்னன் காலத்தது என்று அறிவித்துக்கொள்ளும். அதன் எழுத்தமைதியோ 'இல்லை, நான் இருநூறு ஆண்டு இளையவன்' என்று காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பாடல் தன்னைப் பழம்புலவர் ஒருவருடையது என்று சொல்லும். அதிலுள்ள ஒரு சொல், அந்தப் புலவர் காலத்தில் வழக்கிலேயே இல்லாத சொல்லாக இருக்கும். ஒரு சான்று வாய்விட்டுச் சொல்வதும் அதன் உடல் சொல்வதும் வேறுபடும்போது உடலை நம்பவேண்டும் என்பது மூலபாட ஆய்வின் முதற்பாடம். பொறிகளுக்கும் உடல் உண்டு. அவையும் பேசும்.

ஆசையின் தொன்மை

தானே ஓடும் சக்கரம் என்ற கனவு ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் நாட்டுக் கணிதமேதை இரண்டாம் பாஸ்கரர் தம் சித்தாந்த சிரோமணியில் இத்தகைய சக்கரம் ஒன்றை வருணித்துள்ளார். அதன் ஆரங்கள் உள்ளீடற்றவை. அவற்றில் பாதியளவு பாதரசம் நிரப்பப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது பாதரசம் ஒரு பக்கம் விளிம்பை நோக்கியும் மறுபக்கம் நடுவை நோக்கியும் ஓடும். ஆகவே ஒரு பக்கம் எப்போதும் கனத்து, சக்கரம் ஓயாமல் சுழலும் என்பது எண்ணம். பிற்கால ஐரோப்பியர் பலர் வரைந்த சாய்கனச் சக்கரங்களுக்கும் இதே எண்ணமே அடிப்படை.

எண்ணம் அழகானது, கணக்குத்தான் ஒத்துவராது. விளிம்பருகே செல்லும் பாதரசத்துக்கு நெம்புவிசை மிகுதி என்பது உண்மையே. ஆனால் ஒரு முழுச் சுற்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு துளியும் இறங்கிய உயரமும் மீண்டும் ஏற்றப்படவேண்டிய உயரமும் சமம். இறக்கத்தில் கிடைத்தது ஏற்றத்தில் செலவாகிவிடும். அச்சின் உராய்வுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. சக்கரம் சற்று ஆடி நின்றுவிடும்.

1775ஆம் ஆண்டிலேயே பாரிஸ் அறிவியல் கழகம், நிரந்தர இயக்கப் பொறி பற்றிய விண்ணப்பங்களை இனி ஆராய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டது. 1840களில் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் உழைப்பால் ஆற்றல் அழியாமை விதி உருப்பெற்றது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. உருமாற்ற மட்டுமே முடியும். ஆயினும் விதி எழுதப்பட்ட பிறகும் பொறிகள் ஓயவில்லை. ஆசைக்கு விதி ஏது?

முத்திரையிட்ட அறை

ஜோஹான் பெஸ்லர் என்பவர் 1680 வாக்கில் பிறந்த ஜெர்மானியர். தம் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் நெடுங்கணக்கில் பதின்மூன்று இடம் தள்ளிக் கிடைத்த எழுத்துக்களை இலத்தீன் பெயர்போல் முடித்து 'ஆர்ஃபிரியஸ்' என்று வழங்கிக்கொண்டார். பெயரையே மறைபொருளாக்கிக் கொண்டவர் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

1712 முதல் பல ஊர்களில் அவர் சக்கரங்களைச் செய்து காட்டினார். மெய்யியலறிஞர் லைப்னிஸ் 1714இல் அவற்றுள் ஒன்றைக் கண்டு மதித்தார். 1717இல் ஹெஸ்ஸ காசல் நாட்டின் ஆட்சியாளர் கார்ல் அவருக்குத் தம் மாளிகையில் இடமளித்தார். அங்கே எழுந்ததுதான் பெருஞ்சக்கரம். விட்டம் 12 அடி, கனம் 14 அங்குலம். உள்ளுறுப்புகள் தெரியாதவாறு மெழுகுத்துணியால் மூடப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 26 சுற்றுகள்வரை சுழலும் என்று கண்டவர்கள் எழுதியுள்ளனர்.

1717 நவம்பர் 12ஆம் நாள் சக்கரத்தைச் சுழலவிட்டு, அறையைப் பூட்டி முத்திரையிட்டனர். நவம்பர் 26இல் திறந்தபோது அது சுழன்றுகொண்டிருந்தது. மீண்டும் முத்திரையிட்டு 1718 ஜனவரி 4இல் திறந்தனர். அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு நாள்! பெஸ்லரின் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. இரகசியத்துக்கு அவர் கேட்ட விலை 20,000 பவுண்டு. பணம் முதலில், விளக்கம் பிறகு என்பது நிபந்தனை.

இங்கே சற்று நிதானிப்போம். அந்தச் சோதனை எதை மெய்ப்பித்தது? இடையில் எவரும் கதவைத் திறக்கவில்லை என்பதை மெய்ப்பித்தது. திறந்த நேரங்களில் சக்கரம் சுழன்றது என்பதையும் மெய்ப்பித்தது. இடைப்பட்ட நாட்களில் அது ஓயாது சுழன்றதா என்பதை எவரும் பார்க்கவில்லை. கதவுக்குத்தான் முத்திரை; சுவருக்கும் தரைக்கும் அச்சைத் தாங்கிய தூண்களுக்கும் முத்திரை ஏது? ஒரு வாயிலைக் காத்துவிட்டு எல்லா வாயிலையும் காத்ததாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு. வித்தை காட்டுவோரின் முதல் நண்பன் அந்த இயல்பே.

1721இல் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவசாண்டே சக்கரத்தை வந்து ஆராய்ந்தார். நியூட்டனின் இயற்பியலை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் அவர் முதன்மையானவர். அச்சின் முனைகளைச் சோதித்தார். வெளியிலிருந்து இயக்கும் கருவி எதையும் காணவில்லை. நியூட்டனுக்கே இது பற்றிக் கடிதம் எழுதினார். ஆனால் சக்கரத்தின் உட்புறம் அவருக்குக் காட்டப்படவில்லை. பணம் தராமல் இரகசியத்தை அறிய முயல்கிறார் என்று சினந்து பெஸ்லர் தம் சக்கரத்தைத் தாமே உடைத்துவிட்டார்.

1727இல் பெஸ்லர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி வாக்குமூலம் அளித்தாள். அடுத்த அறையிலிருந்து பெஸ்லரும் அவர் மனைவியும் உடன்பிறந்தாரும் தானும் முறைவைத்துக் கையால் சுற்றியதாகச் சொன்னாள். கிராவசாண்டே அதை ஏற்கவில்லை. தாமே சோதித்த அச்சில் அப்படியோர் இணைப்பு இருந்திருக்க முடியாது என்றார். சக்கரம் உடைந்துபோனதால் யார் சொன்னது சரி என்று இனி எவரும் பொறியை வைத்துத் தீர்க்க இயலாது. ஆற்றல் விதி தெரிந்த நாம், ஏதோ ஒரு வழியில் வெளியாற்றல் ஊட்டப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இன்ன வழியில் என்று சொல்லத்தான் சான்றில்லை. பெஸ்லர் 1745இல் காற்றாலை ஒன்றன் கட்டுமானத்தின்போது விழுந்து இறந்தார்.

இந்நிகழ்வில் நம்மை உறுத்துவது வேறொன்று. அறிஞர் கையால் தொட்டுச் சோதித்தார். வேலைக்காரி கண்ணால் கண்டதைச் சொன்னாள். அவள் சொல் பொய்யாகவும் இருக்கலாம், எசமானர்மேல் பகையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் சொல்லை எடைபோட்ட தராசில் அவளுடைய தகுதியும் சேர்ந்தே ஏறியிருக்குமோ என்ற ஐயம் நமக்கு எழாமலில்லை.

தேய்ந்த பற்கள்

நூறாண்டு கடந்து அட்லாண்டிக்கின் மறுகரைக்குச் செல்வோம். 1812இல் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் பிலடெல்பியாவில் ஒரு பொறியைக் காட்சிக்கு வைத்தார். பார்க்கக் கட்டணம் உண்டு. சுழலும் மேடை ஒன்று, அதன்மேல் சாய்தளங்கள், சாய்தளங்களில் எடை ஏற்றிய சிறு வண்டிகள். வண்டிகள் சாய்தளத்தில் இறங்க முயன்று மேடையைத் தள்ளுகின்றனவாம். மேடை சுழல்கிறது; அதன் பெரிய பற்சக்கரம் ஒரு சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதிலிருந்து வேறு வேலைகளுக்கு ஆற்றலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மேலும் பெரிய பொறி செய்ய அவர் அரசிடம் நிதி கேட்டார். 1813 ஜனவரி 21ஆம் நாள் எட்டுப் பேர் ஆய்வுக்கு வந்தனர். பொறி இருந்த அறையோ பூட்டியிருந்தது, சாவி காணவில்லையாம். கம்பியிட்ட சாளரத்தின் வழியே மட்டும் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது. அருகில் சென்றால் நுட்பமான பொறி கெட்டுவிடும் என்பது காரணம்.

ஆய்வாளருள் நாதன் செல்லர்ஸ் என்ற பொறியாளரும் ஒருவர். அவர் தம் மகன் கோல்மனையும் உடன் அழைத்து வந்திருந்தார். மற்றவர்கள் வண்டிகளையும் எடைகளையும் பார்த்துக்கொண்டிருக்க, கோல்மன் பற்களைப் பார்த்தார். இரு பற்சக்கரங்கள் கவ்விச் சுழலும்போது, தள்ளும் பல்லின் முன்முகமும் தள்ளப்படும் பல்லின் பின்முகமும் உராய்ந்து தேயும். மறுமுகங்கள் தேயா. ரெட்ஹெஃபர் சொன்னபடி பெரிய சக்கரம் சிறியதைத் தள்ளியிருந்தால் தேய்மானம் ஒரு பக்கம் இருந்திருக்கவேண்டும். ஆனால் அது நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. அதாவது, இயங்குவதாகச் சொல்லப்பட்ட சிறு சக்கரமே உண்மையில் இயக்கியது. வேலையைப் பெறுவதாகச் சொல்லப்பட்ட இடத்திலிருந்துதான் வேலை உள்ளே வந்துகொண்டிருந்தது!

பொறியின் உரிமையாளர் ஒன்று சொன்னார், பொறியின் பற்கள் வேறொன்று சொல்லின. செப்பேட்டின் எழுத்தமைதியை நாம் தொடக்கத்தில் குறிப்பிட்டது இதற்காகவே. தேய்மானம் என்பது பொருளின் நினைவு. நேற்றும் முன்னாளும் நடந்ததை அது பதிந்து வைத்திருக்கிறது. இன்றைய காட்சிக்காக அதைத் திருத்தி எழுத முடியாது.

இதன்பின் செல்லர்ஸ் செய்ததுதான் நம்மை மிகவும் கவர்வது. அவர் நேரே போய்ப் பொய்யன் என்று கூச்சலிடவில்லை. ஐசையா லூகன்ஸ் என்ற கடிகாரக் கைவினைஞரை அழைத்து, ரெட்ஹெஃபர் பொறியைப் போலவே மற்றொன்றைச் செய்யச் சொன்னார். லூகன்ஸ் அதன் அடிப்பலகைக்குள் கடிகார வில் ஒன்றை மறைத்து வைத்தார். மேலே அழகுக்காக வைத்தவை போல் மரக்குமிழ்கள். அவற்றுள் ஒன்றே வில்லை முறுக்கும் திருகு. கண்ணாடிப் பேழைக்குள் அந்தச் சிறு பொறி ஓயாது சுழன்றது. ரெட்ஹெஃபருக்கே அதைக் காட்டினார்கள். தம் பொறி பொய் என்று அறிந்திருந்த அவர், இந்தப் பொறி மெய் என்று நம்பி, அதைத் தமக்குத் தரும்படி தனியே பேரம் பேசினாராம். ஏமாற்றுபவனும் ஏமாறக்கூடியவனே. லூகன்ஸின் பொறி பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்துக்குச் சென்று சேர்ந்தது.

மாடியில் இருந்தவர்

பிலடெல்பியாவில் மதிப்பிழந்த ரெட்ஹெஃபர் நியூயார்க்குக்குச் சென்றார். அங்கே அவர் செய்தி பரவியிருக்கவில்லை. 1813இல் மீண்டும் காட்சி, மீண்டும் கூட்டம். இம்முறை பார்க்க வந்தவர்களில் ஒருவர் இராபர்ட் புல்டன். 1807இல் ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகை வெற்றியுடன் ஓட்டிய அதே புல்டன்.

அவர் பற்களைப் பார்க்கவில்லை; காது கொடுத்தார். பொறியின் ஓசை சீராக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி விரைவு, ஒரு பகுதி தளர்வு. நீராவிப் பொறிகளோடு வாழ்ந்தவருக்கு அந்த ஏற்றத்தாழ்வு நன்கு பழக்கமானது. கைப்பிடி ஒன்றைப் பிடித்து ஒருவர் சுற்றும்போது வரும் நடை அது. மனிதக் கை மேலே இழுக்கும்போதும் கீழே அழுத்தும்போதும் ஒரே விசையைத் தருவதில்லை. கிணற்று உருளையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

புல்டன் அங்கேயே சவால் விட்டார். மறைவான இயக்கத்தைத் தாம் காட்டுவதாகவும், காட்டத் தவறினால் விளையும் சேதத்துக்கெல்லாம் ஈடு தருவதாகவும் சொன்னார். கூட்டம் ஆர்வம் கொள்ள, ரெட்ஹெஃபரால் மறுக்க இயலவில்லை. பொறியைச் சுவரோடு தாங்கிப் பிடிப்பதாகத் தோன்றிய மெல்லிய மரப்பட்டிகளைப் புல்டன் பெயர்த்தார். உள்ளே விலங்கின் குடல்நரம்பால் ஆன கயிறு ஒன்று ஓடியது. அது சுவருக்குள் புகுந்து மாடிக்குச் சென்றது. அதைத் தொடர்ந்து ஏறிச்சென்ற புல்டன், பின்கட்டு மாடியறையில் நீண்ட தாடியுடன் ஒரு கிழவர் அமர்ந்திருப்பதைக் கண்டார். ஒரு கையால் ரொட்டித் துண்டைக் கடித்தபடி மறுகையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார் அவர். கீழே நடந்த கலகம் எதுவும் அவருக்குத் தெரியாது. இந்நிகழ்ச்சியைப் புல்டனின் நண்பர் கோல்டன் 1817இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியே அறிகிறோம். கூட்டம் பொறியை உடைத்தது, ரெட்ஹெஃபர் தப்பியோடினார்.

அந்தக் கிழவரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதும் தெரியாது. நிரந்தர இயக்கத்தின் வரலாற்றில் உண்மையாகவே ஓயாமல் இயங்கியவர் அவர் ஒருவர்தாம். கூலியில்லாமல் வேலை நடக்கும் என்று கீழே பணம் கொடுத்து நம்பிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒருவர் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்லப்படும் எந்த ஆற்றலின் பின்னாலும் எங்கோ ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று நாம் இதைச் சற்று விரித்தும் படித்துக்கொள்ளலாம்.

பேரண்ட அதிர்வும் நிலவறை உருண்டையும்

மூன்றாமவர் ஜான் கீலி. 1837இல் பிறந்தவர், அவரும் பிலடெல்பியாக்காரரே. முன்னவர்களைப் போல அவர் சக்கரத்தை மட்டும் நம்பவில்லை, சொற்களையும் நம்பினார். 1870களில் அவர் தம் கண்டுபிடிப்பை அறிவித்தபோது நீரிலிருந்து புதிய ஆவியொன்றைப் பிரித்தெடுப்பதாகச் சொன்னார். பிறகு அது 'ஈதர் ஆற்றல்' ஆயிற்று. அதன்பின் 'ஒத்திசை அதிர்வு' வந்தது. ஒரு குவளை நீரை ஊற்றுவார், அல்லது வாயால் ஊதுவார், அல்லது இசைக்கவையைத் தட்டுவார். அழுத்தமானி ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு காட்டும், இரும்புக் கம்பிகள் முறியும், பொறி ஓடும். சிறிதளவு நீரால் பிலடெல்பியாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவரை இரயிலை ஓட்டலாம் என்பது அவர் வாக்கு.

இவரை நம்பி நிறுவனம் ஒன்று எழுந்தது, பங்குகள் விற்றன. காலம் கடந்தது, விற்கத்தக்க பொறி ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வோராண்டும் 'இன்னும் ஒரே ஒரு சீர்திருத்தம்' மிச்சமிருந்தது. பங்குதாரர் பொறுமையிழந்தபோது புளூம்ஃபீல்டு மூர் என்ற செல்வக் கைம்பெண் அவரைத் தாங்கினார். இரகசியத்தை வெளியிட மறுத்ததால் நீதிமன்ற அவமதிப்புக்காகக் கீலி 1888இல் சிறை சென்றும் மீண்டார். அழுத்தப்பட்ட காற்றுதான் சூட்சுமம் என்று 'சயண்டிபிக் அமெரிக்கன்' இதழ் 1880களிலேயே ஐயுற்றது. ஆற்றலைக் கடத்துவதாகக் கீலி காட்டிய கம்பிகளைச் சிலர் வெட்டிப் பார்க்க விரும்பினர். அவர் இசையவில்லை. வெட்டினால் நுண்ணதிர்வு குலைந்துவிடுமாம்.

1898 நவம்பர் 18ஆம் நாள் கீலி இறந்தார். அம்மையாரின் மகன் கிளாரன்ஸ் மூர் அந்தப் பட்டறைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார். அவர் தொழில்முறையில் தொல்லியல் ஆய்வாளர் என்பது சுவையான செய்தி. 1899 தொடக்கத்தில் பேராசிரியர்களையும் பொறியாளர்களையும் இதழாளர்களையும் அழைத்துக்கொண்டு அவர் தளத்தைப் பெயர்க்கத் தொடங்கினார். தரைக்கடியிலும் சுவரிலும் குழாய்கள் கிடைத்தன. திண்ணிய கம்பி என்று நம்பப்பட்டவை நுண்துளைக் குழாய்களாக இருந்தன. நிலவறையில் எஃகு உருண்டை ஒன்று கிடந்தது. விட்டம் சுமார் 40 அங்குலம், எடை ஏறத்தாழ மூன்று டன்.

கீலியின் அன்பர்கள் அப்போதும் அசையவில்லை. உருண்டை பழைய ஆய்வில் பயன்பட்டுக் கழித்துப் போட்டது என்றார்கள். அவர்கள் வாதத்துக்கும் செவிகொடுப்போம். ஆனால் கூடவே ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 40 அங்குல விட்டமுள்ள உருண்டையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 550 லிட்டர். மூன்று டன் எஃகு ஏறத்தாழ 380 லிட்டர் இடத்தை அடைக்கும். எஞ்சும் வெற்றிடம் 170 லிட்டருக்குள். அப்படியானால் சுவரின் தடிப்பு ஆறு அங்குலத்துக்கு மேல் வருகிறது. வெறும் நீரையோ சாதாரணக் காற்றையோ வைக்க எவரும் ஆறு அங்குல எஃகுச் சுவர் எழுப்பமாட்டார்கள். மிகக் கடுமையான அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கலம் அது என்பதை அதன் உடலே சொல்லிவிடுகிறது. உரிமையாளர் இறந்த பிறகும் பொருள் பேசுகிறது.

ஐயத்தின் இலக்கணம்

இனி இம்மூன்று வரலாறுகளையும் அடுக்கிவைத்துப் பார்ப்போம். ஏமாந்தவர்கள் மூடர்கள் அல்லர். லைப்னிஸையும் கிராவசாண்டேயையும் மூடர் என்று சொல்ல எவர் துணிவார்? அவர்களுடைய பயிற்சி இயற்கையை ஆராய்வதில் அமைந்தது. இயற்கை புதிர் போடும், பொய் சொல்லாது. பார்ப்பவர் திரும்பும் நேரத்துக்காகக் காத்திருந்து ஒளித்து வைக்காது. ஆனால் மனிதர் செய்வர். ஆகவே வித்தையைக் கண்டுபிடிக்கக் கடிகாரக் கைவினைஞரும், பொறியோசை பழகியவரும், எதைப் பார்க்கவேண்டும் என்று எவராலும் கட்டளையிடப்படாத ஒரு மகனும் தேவைப்பட்டார்கள்.

மூன்று இடங்களிலும் காட்சியின் விதிகளை வகுத்தவர் காட்டுபவரே. எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதெல்லாம் அவர் கையில். மூடிய துணி, பூட்டிய அறை, வெட்டக்கூடாத கம்பி என்று தடை மட்டும் வேறுவேறு உருவெடுக்கிறது. தடைக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் பொருத்தமாகவே இருக்கும். வணிக இரகசியத்தைக் காப்பது குற்றமன்று. பொறி நுட்பமானதாகவும் இருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் தடை விழுகிறதோ அந்த இடத்தில்தான் கேள்வியும் இருக்கிறது. ஏமாற்று நடந்ததை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு பார்ப்பவருக்கு இல்லை. ஏமாற்று நடக்க வழியே இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு காட்டுபவருக்கே உண்டு. இந்த வேறுபாட்டை மறந்தால் வாதம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

ஐயம் என்பது பழி சுமத்துவதும் அன்று. 1989 மார்ச் 23ஆம் நாள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரு வேதியியலாளர்கள் சாதாரண வெப்பநிலையில் அணுப்பிணைப்பை நிகழ்த்தியதாக அறிவித்தனர். உலகெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்துபார்த்தன. உறுதியாகத் திரும்ப நிகழ்த்த இயலவில்லை. அங்கே மறைவான கைப்பிடி எதுவும் இல்லை. வெப்பத்தை அளப்பதிலும் பொருள்கொள்வதிலும் நேர்ந்த பிழையாகவே பெரும்பாலோர் அதைக் கருதினர். தவறு வேறு, வஞ்சனை வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பிறர் தம் இடத்தில், தம் கருவியால், தாமே செய்துபார்ப்பது.

நம் ஊர்க் கோல்

நிற்க. அயலூர்க் கதைகளை இத்தனை நேரம் சொன்ன நாம் நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாகாது.

1996. நாம் பள்ளி மாணவராக இருந்த காலம். இராசபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்ற இளைஞர் மூலிகையிலிருந்து எரிபொருள் செய்கிறார் என்ற செய்தி தமிழகத்தையே உலுக்கியது. நீரில் தழையைப் போட்டுக் கொதிக்க வைத்து, வேறு சில பொருள் சேர்த்துக் கிளறினால் மேலே எரிநெய் மிதக்கும். தில்லி அறிவியலாளர்கள் முன்னும் செய்து காட்டினார், நாளேடுகள் கொண்டாடின. நாமும் நம்பினோம். வெறுமனே நம்பவில்லை, பெருமையோடு நம்பினோம். ஐயம் எழுப்பிய வேதியியல் ஆசிரியரிடம், 'ஏன் சார், நம்ம ஊர்க்காரன் கண்டுபிடிச்சா ஒத்துக்க மாட்டீங்களா?' என்று வகுப்பே திரண்டு கேட்டது. அந்தக் குரலில் நம் குரலும் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. 'எடை போட்டாங்களாப்பா? உள்ள போனது எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவு?' என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு அது பொறாமையாகப் பட்டது.

அறிவியலாளர்கள் மேலும் நடத்திய சோதனைகளில் கிளறும் கோலே உள்ளீடற்றது என்பது வெளிப்பட்டது. அதற்குள் எரிபொருளை நிரப்பி நுனியை மெழுகால் அடைத்திருந்தால் போதும். கொதிநீரில் மெழுகு உருகும், எண்ணெய் மேலே வரும். எல்லாரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள், தழையைப் பார்த்தார்கள். கையிலிருந்த கோலைப் பார்க்கவில்லை. பின்னாளில் அந்தப் பெயரில் விற்கப்பட்டது பெட்ரோலியப் பொருட்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நாம் ஏன் நம்பினோம் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். எரிபொருள் ஆசை மட்டும் காரணமன்று. ஆங்கிலம் பேசும் அறிஞர் கூட்டத்தின் முன் படிப்பில்லாத ஒரு சிற்றூர்க்காரர் வென்று நிற்கும் காட்சி நமக்கு வேண்டியிருந்தது. அந்த வேட்கை இழிவானதன்று. அதற்குப் பின்னால் உண்மையான புறக்கணிப்பின் வரலாறு உண்டு. கீலியைத் தாங்கிய அம்மையாருக்கும் இப்படியொரு வேட்கை இருந்திருக்கக்கூடும். வித்தை காட்டுவோர் நம் அறியாமையில் முதலீடு செய்வதில்லை. நம் நியாயமான ஏக்கத்தில்தான் முதலீடு செய்கிறார்கள். சிற்றூர் அறிவை மதிப்பது என்பது அதைச் சோதிக்காமல் விடுவதன்று. சோதிக்கத் தகுந்ததாகக் கருதுவதே உண்மையான மதிப்பு. அந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர்தாம் இராமர் பிள்ளையின் கூற்றை அறிவியலாக மதித்து அறிவியல் கேள்வி கேட்டார். நாங்கள் அதை வெறும் விழாவாகக் கொண்டாடினோம்.

இப்போது நாமும் வகுப்பில் நிற்கிறோம். கைப்பேசியில் வரும் காணொளிகளைக் காட்டி மாணவர்கள் வருகிறார்கள்: காந்தத்தால் தானே சுழலும் மின்விசிறி, தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் மோட்டார். 'சார், கண்ணால பாக்கறோமே' என்கிறார்கள். நாம் சிரிப்பதில்லை, மறுப்பதும் இல்லை. பிலடெல்பியாக் கோல்மனின் கதையைச் சொல்லி, 'பல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பார்' என்கிறோம். மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது, படம் எங்கே வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, எதை எடுத்துப் பார்க்க விடாமல் கேமரா விலகிப்போகிறது என்று அவர்களே தேடத் தொடங்குகிறார்கள். சில வேளைகளில் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாத வேளைகளில் 'தெரியவில்லை சார்' என்கிறார்கள். 'தெரியவில்லை' என்பதற்கும் 'ஆகவே உண்மை' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்துகொண்டால், அந்தப் பாடவேளை வீண்போகவில்லை என்று கொள்கிறோம்.